அம்மாவின் முட்டை கேஸ்

ஐகோர்ட்டுக்குப் போக அம்மா கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். "கட்சிக்காரங்க வரவே வேணாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று வக்கீலம்மா போனில் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. அம்மா கேட்கிற ஆளா? "நம்ம மூஞ்சியப் பாக்காம ஜட்ஜய்யா எப்டி தீர்ப்பு சொல்லுவாங்க?" என்றாள். நான் பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறவள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, விருத்தாசலத்தில் அவளோடு விடிகாலை ரயில் ஏறினேன்.

வழக்கு இதுதான். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அம்மா சத்துணவு சமைத்தாள். பிள்ளைகளுக்கு வரும் முட்டையைத் தட்டுத் தட்டாக வீட்டுக்குக் கடத்துகிறாள் என்று எவரோ மொட்டைக் கடிதாசி போட, வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். கடைத்தெருவில் "என்னக்கா, முட்டை என்ன வெல?" என்று கேட்டுச் சிரித்ததைத்தான் தாங்கவில்லை. அதற்கப்புறம் கடைக்கே போவதில்லை. காய்கறி வாங்குவது என் தலையில் விழுந்தது.

அவளுக்குத் தெரிந்த கோர்ட் எங்கள் ஊர்க் கோர்ட்தான். மாமாவின் வரப்புத் தகராறுக்குத் துணைக்குப் போயிருக்கிறாள். அங்கே டவாலி வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூண்டில் ஏறி நடந்ததைச் சொல்ல வேண்டும். அதனால் ஒரு வாரமாக மாவு அரைக்கும்போதெல்லாம் கிரைண்டரைப் பார்த்துப் பேசிப் பழகினாள். அது போடுகிற சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

ஐகோர்ட் வேறு உலகம். வாசலில் எலுமிச்சை சாதத்தைத் திறந்து சோதித்த போலீஸ்காரம்மா, "தொட்டுக்க ஒண்ணும் இல்லியா?" என்றார். நீண்ட தாழ்வாரத்தில் தலைப்பாகையும் வெள்ளிச் செங்கோலுமாக ஒருவர் 'உஷ்' என்றபடி வர, அம்மா அவருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டாள். பின்னால் சாதாரணமாக நடந்து வந்தவர்தான் நீதிபதி.

உள்ளே கடைசியில் நின்றோம். ஒரு பலகையில் எண்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன. கறுப்பு கவுன்கள் எழுந்தன, குனிந்தன, நீதிபதிக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நகர்ந்தன. எல்லாம் இங்கிலீஷ். எப்போது பேர் கூப்பிடுவார்கள் என்று அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வக்கீலம்மா வந்து எங்களை வெளியே அழைத்துப் போனார்.

"ஜெயிச்சாச்சும்மா. உங்ககிட்ட ஒரு வார்த்தை விளக்கம் கேக்காம நீக்குனது செல்லாதுன்னு ஆர்டர் போட்டுட்டாங்க. வேலைக்குப் போகலாம்."

"எப்பம்மா நடந்துது?"

"இப்பதான். ரெண்டு நிமிஷம்."

எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. அம்மாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "இவங்களும் என்னை ஒரு வார்த்தை கேக்கலியே" என்றாள். வக்கீலம்மா சிரித்துவிட்டு அடுத்த கேஸுக்கு ஓடினார்.

திரும்பும் ரயிலில் செங்கல்பட்டு தாண்டியும் உம்மென்று இருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜெயிச்சிட்டு யாராச்சும் இப்டி உக்காந்திருப்பாங்களா?"

"நீ கேட்டியா?" என்றாள். "முட்டைய எடுத்தியா இல்லியான்னு நீயாச்சும் ஒரு நாள் என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை. பதிலுக்குப் பயந்துதான் கேட்கவில்லை. நினைக்கவே வெட்கமாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். போனால் போகிறதென்று கேட்டேன்.

"எடுத்தியாம்மா?"

"ஒண்ணே ஒண்ணு. வேகும்போது வெடிச்சிப்போச்சு, புள்ளைங்களுக்கு வெக்க முடியாது. நீ அப்ப வேலை கெடைக்காம வூட்ல படுத்திருந்த. உனக்குத்தான் எடுத்தாந்தேன். ஜட்ஜய்யாகிட்ட அதைச் சொல்லிடலாம்னு இருந்தேன்."

அந்த முட்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உப்பு பத்தவில்லை என்று அவளிடம் கத்தியிருந்தேன்.