கூரைமேல் ஏற்றிய சாமான்கள்

அந்தக் கூரை எழும்பியதை நான் முதன்முதலில் பார்த்தது ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகெட்டோவில், ஒரு வீட்டு முற்றத்தில். உள்ளேயே படுத்துறங்கிப் பயணம் போகிற அந்த வாகனத்தை விற்பதற்காக விளம்பரம் போட்டிருந்த நோர்வேஜியக் கிழவர் என்னை உள்ளே கூப்பிட்டார். இருவரும் குனிந்தபடி நின்றோம். முன்னிருக்கைகளுக்கு மேலே இருந்த இரண்டு கொளுக்கிகளைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையைக் கூரையில் வைத்து, பாதி திறந்த கதவைத் தள்ளுவது போல ஒரு தள்ளு தள்ளினார். அவ்வளவுதான். கூரை தானாக மேலே போயிற்று. ஓரங்களில் மடிந்து கிடந்த துணி விரிந்து சுவராக நிமிர்ந்தது. நானும் நிமிர்ந்தேன். முன்பக்கத்தில், என் தலை உயரத்தில், இரண்டு பேர் படுக்கக்கூடிய கட்டில் ஒன்று இருந்தது. துணிச் சுவரில் ஜிப் வைத்த சன்னல்கூட இருந்தது.

இயந்திரங்கள் எனக்குப் புதியவை அல்ல. இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே இயந்திரங்கள் எல்லாம் கத்தும், உதறும், ஆவி விடும். இவ்வளவு சத்தமில்லாமல் ஒன்று எழும்பி ஆளுக்கு இடம் கொடுத்ததை நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன் போலிருக்கிறது. கிழவர் சிரித்தார்.

பிறகு வெளியே கூட்டிவந்து, கூரைமேல் பூட்டியிருந்த நீளமான கறுப்புப் பெட்டியைக் காட்டினார். உள்ளே கட்டிலை விரித்தால் பைகள் வைக்க இடம் இருக்காது, அதற்காகத்தான் இந்தப் பெட்டி என்றார். ஆனால் பாரமில்லாத சாமான்களை மட்டுமே வைக்கவேண்டும்: போர்வைகள், மடிப்புக் கதிரைகள், மழைச் சட்டைகள். கூரையைத் தூக்குவது வாயு அடைத்த இரண்டு தண்டுகள்தான். அவற்றின் பலத்துக்கும் ஓர் அளவு உண்டு. இதை மூன்று தரம் சொன்னார். கொளுக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சிறிய தாளையும் தொட்டுக் காட்டினார். "யா, யா" என்று தலையாட்டினேன். எல்லாம் எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்று பிற்பாடு சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

மனைவிக்கு வாகனம் பிடிக்கவில்லை. ஹொல்ம்லியாவில் எங்கள் கட்டிடத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது அவள் உள்ளே ஏறவே இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு சுற்றிவந்து பார்த்தாள்.

"உதென்ன மேலை, சவப்பெட்டி மாதிரி?"

"சாமான் வைக்கிறது."

"இஞ்சை பாருங்கோ. அகதியா வரேக்கை லொறிக்கை படுத்தது காணாதே? இனி விரும்பியும் போய் வாகனத்துக்கை படுக்கோணுமே?"

அவள் வந்த வழி எனக்குத் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறாள். லொறியின் பின்பக்கத்தில், பலகைத் தட்டு ஒன்றின் கீழே, மூன்று நாட்கள் நிமிர முடியாமல் மற்ற ஆட்களோடு குந்தியிருந்து வந்தவள் அவள். அதற்குப் பிறகு அதைப்பற்றி நாங்கள் கதைத்ததில்லை. நான் இந்த வாகனத்தை விரும்பியதற்கு அந்தக் கூரை எழும்பியதுதான் காரணம் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல வராது.

இரண்டு கிழமை கழித்து அவளே ஒரு முடிவு சொன்னாள். அவளுடைய தங்கை வடக்கே, ட்ரொம்சோவுக்கு அப்பால், ஒரு மீன்பிடி ஊரில் இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் விமானத்தில்தான் போவோம். இந்தக் கோடையில் வாகனத்தில் போகலாம்.

"ஒரு பயணம் வாறன். எனக்குச் சரிவராட்டி வித்துப்போடோணும். பிறகு உந்தக் கதையே எடுக்கப்படாது. ஓமோ?"

"ஓம்" என்றேன்.

பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. எங்கள் ஆட்களில் ஒருவர் தூர இடம் போகிறார் என்றால், அந்தப் பக்கத்தில் சொந்தம் உள்ளவர்கள் ஏதாவது கொடுத்துவிடுவார்கள். விமானம் என்றால் நிறை பார்ப்பார்கள் என்று சொல்லித் தப்பலாம். வாகனத்துக்கு அந்தச் சாட்டு இல்லை. எங்கள் கீழ்த்தட்டில் இருக்கும் அக்கா ஒருவர் ரயில் மேடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வடக்கை போறியளாமெல்லே? மேலை பெரிய பெட்டியும் பூட்டி வைச்சிருக்கிறியள். எங்கடை மச்சாளும் அங்கைதான். கொஞ்சம் மாவும் தூளும் தரட்டே? போற வழிதானே."

தலையாட்டினேன். கொஞ்சம் மாவும் தூளும் என்பது கடைசியில் புழுங்கல் அரிசி இரண்டு மூட்டை, இடியப்ப மா, பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒரு பெரிய பொதி நெத்தலிக் கருவாடு என்று வந்து சேர்ந்தது. கருவாட்டைப் பார்த்ததும் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"என்னக்கா, ஊர் முழுக்க மீன் காயப்போட்டிருக்கிற இடத்துக்குக் கருவாடோ?"

"அவங்கடை மீன் மரக்கட்டையடி பிள்ளை. குழம்பிலை போட்டா விறகு மாதிரிக் கிடக்கும். உனக்கென்ன, பெட்டிதானே சுமக்குது."

அதற்கு அடுத்த நாள், மனைவி வேலைக்குப் போயிருந்த நேரம், மேல்தட்டில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பொறியியலாளர் கதவைத் தட்டினார். மிகவும் மரியாதையான இளைஞர்.

"அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. என் ஃப்ரெண்டு ட்ரொம்சோல ரிசர்ச் பண்றான். பாவம், மூணு வருஷமா இட்லியே இல்லாம இருக்கான். ஒரே ஒரு கிரைண்டர்தான்ணா. டேபிள் டாப். சின்னது."

அதைத் தூக்கியபோது என் தோள் இறங்கியது. உள்ளே கல் இருந்தது. கிழவரின் குரல் காதில் கேட்கத்தான் செய்தது. "இல்லைத் தம்பி, ஏலாது" என்பது மூன்று சொல். அந்த மூன்று சொல்லும் வரவில்லை. கிரைண்டரைப் பெட்டியின் பின்மூலையில் வைத்து, மேலே போர்வையைப் போட்டேன். மனைவிக்குச் சொல்லவில்லை.

புறப்பட்ட நாள் முழுவதும் மேலே பெட்டி காற்றில் ஊதிக்கொண்டே வந்தது. வளைவுகளில் வாகனம் தலையில் இருந்து சாய்வது என் கைகளுக்குத் தெரிந்தது.

"உதென்ன ஆடுது?"

"காத்து" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வெளியே பார்க்க நிறைய இருந்தது. முதலில் முடிவே இல்லாத ஏரி, பிறகு பள்ளத்தாக்கு, பிறகு ஏற்றம். இருபத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்தும் நான் தரைவழியாக இவ்வளவு தூரம் வந்ததில்லை. மேலே ஏற ஏற மரங்கள் குறுகின. வாகனத்தைவிட உயரமாக நின்றவை என் உயரத்துக்கு வந்தன, பிறகு இடுப்பளவு, பிறகு பாதத்தில் படர்கிற பற்றை. டோவ்ரே மேட்டுக்கு வந்தபோது மரமே இல்லை. நிலம் மட்டும் இருந்தது, ஒளிக்க ஒன்றுமில்லாமல். கடலில் நிற்பது போல ஒரு பயம் எனக்கு வந்தது. குரலைத் தாழ்த்திக் கதைத்தோம். ஏன் என்று தெரியாது.

பயணிகள் வாகனம் நிறுத்தித் தங்கும் ஓர் இடத்தில் மாலை ஆறு மணிபோல நிறுத்தினேன். மேகம் தாழ்ந்து, எதிர்ப்பக்கம் ஒன்றும் தெரியாமல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. மனைவி தேத்தண்ணீர் வைக்க உள்ளே குனிந்தபடி கேத்தலை எடுத்தாள். "பொறும், நிமிர இடம் தாறன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, கொளுக்கிகளைக் கழற்றி, கிழவர் செய்ததுபோல உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன்.

கூரை அசையவில்லை.

இரண்டு கையாலும் தள்ளினேன். தோளைக் கொடுத்தேன். ஒரு சாண் எழும்பி, பெருமூச்சு விட்டதுபோலத் திரும்ப அமர்ந்தது. மறுபடியும் தள்ளினேன். மறுபடியும் அமர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது மனைவி கேத்தலைப் பிடித்தபடி, முதுகு வளைந்து, கழுத்தை ஒருபக்கம் சரித்து நின்றாள். கேத்தலை வைத்துவிட்டு வெளியே இறங்கினாள். குளிர்காற்றில் எனக்கு முதுகு காட்டி நின்றாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பக்கத்தில் போய் நின்றேன்.

"பெட்டிக்கை பாரம் கூடிப்போச்சு. அதுதான் எழும்புதில்லை. கிழவர் சொன்னவர். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சோ ஏத்தினியள்?"

"கேக்கேக்கை ஏலாதெண்டு சொல்ல வாய் வரேல்லை."

"எனக்காவது சொல்லியிருக்கலாமே."

அவள் சால்வையை இறுக்கிக்கொண்டாள்.

"சரி. இறக்குங்கோ."

சிறிய ஏணிப்படியில் ஏறி நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் வாங்கிப் புல்லில் விரித்த தார்ப்பாய்ப் படங்கில் வைத்தாள். அரிசி, மா, மிளகாய்த்தூள், கருவாடு. கடைசியாகப் போர்வையை எடுத்தேன். பெட்டியின் மூலையில் கிரைண்டர் இருந்தது. அதை விளிம்புவரை இழுத்துவந்து நிறுத்தினேன்.

"இதென்ன?"

"கிரைண்டர்."

"ஆற்றை?"

"மேல்தட்டுத் தம்பியின்ரை. கோயம்புத்தூர்."

என்னை அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

"ஆட்டுக்கல்லைத் தலையிலை வைச்சுக்கொண்டோ மலை ஏறினனீங்கள்?"

தனியாக இறக்க முடியவில்லை. பக்கத்து வாகனத்திலிருந்து நாயோடு வந்த வயதான நோர்வேஜியப் பெண் ஒருவர், நாயைக் கட்டிவிட்டு, கேட்காமலே வந்து மறுபக்கம் பிடித்தார். நிலத்தில் வைத்தபின் மூடியைத் தட்டி, இது என்ன என்று விசாரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மனைவிதான் நோர்வேஜிய மொழியில் சொன்னாள்: மா அரைக்கிற கல், ஒஸ்லோவிலிருந்து கொண்டுவருகிறோம். அந்தப் பெண் கல்லைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, பாறையும் கூழாங்கல்லுமாய்க் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்த மேட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இங்கே கல் காணாது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை. படங்கில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தார். நான் மிளகாய்த்தூள் பொதியைப் பிடித்தபடி நின்றேன்.

பிறகு உள்ளே போய் உள்ளங்கையை வைத்தேன். வெறும் பெட்டியையும் சுமந்துகொண்டு கூரை எழும்பியது, ஹவுகெட்டோவில் எழும்பியதைவிடச் சற்று நிதானமாக. துணி மடிப்பு விரிந்து வெளிச்சம் உள்ளே இறங்கியது. மனைவி படியில் ஏறி உள்ளே வந்தாள், பழக்கத்தில் குனிந்தே. பிறகு மெதுவாக நிமிர்ந்தாள். முதலில் முதுகு, பிறகு கழுத்து. ஒரு கையை மேலே நீட்டினாள். விரல்நுனி கூரையைத் தொடவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் கேத்தலை அடுப்பில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவள் மேல்கட்டிலில் படுத்தாள். தூறல் தொடங்கியதால் சாமான் எல்லாவற்றையும் உள்ளே ஏற்றவேண்டியதாயிற்று. முன்னிருக்கைகளில் அரிசி. காலடியில் கிரைண்டர். கீழ்க்கட்டிலில் கருவாடும் நானும்.

காலையில் அவள் கூப்பிட்ட குரலில்தான் விழித்தேன். "இஞ்சாருங்கோ" என்று மட்டும் சொன்னாள், கோயிலில் திரை விலகும்போது பக்கத்தில் நிற்பவரைத் தட்டிச் சொல்வதுபோல. முன்னிருக்கையின் கைப்பிடியில் கால் வைத்து ஏறி, தலையையும் தோளையும் மேலே கொண்டுபோனேன். அவள் துணிச் சன்னலின் ஜிப்பைத் திறந்து, குப்புறப் படுத்திருந்தாள்.

மேகம் போய்விட்டது. நேற்று மாலை சாம்பல் நிறமாகக் கிடந்த இடத்தில் ஒரு மலை நின்றது. இடுப்புவரை கறுப்பு, அதற்கு மேலே பனி. நாங்கள் படங்கு விரித்ததும், வெட்கப்பட்டதும், சிரித்ததும் எல்லாம் அதன் முன்னாலேயே நடந்திருக்கின்றன. அவ்வளவு பெரிய ஒன்று பக்கத்தில் இருப்பது தெரியாமலே தேத்தண்ணீர் குடித்திருக்கிறோம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தில் எங்கள் அளவு என்ன என்று யாரோ அமைதியாகக் காட்டியதுபோல இருந்தது. அதில் அவமானம் இல்லை.

கடைசியில் நான்தான் கேட்டேன். கேட்காமல் என்னால் மிச்ச வழி ஓட்டமுடியாது.

"அப்ப... வித்துப்போடுறதே?"

அவள் திரும்பவில்லை. மலையின் தோளில் ஒரு கீற்று மேகம் திரும்பவும் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இனி வரேக்கை ஆரும் சாமான் கொண்டுவந்தா என்னட்டை அனுப்புங்கோ. நான் ஏலாதெண்டு சொல்லுறன். உங்களுக்கு வராது."

"ஓம்."

"இண்டைக்கு நீங்களும் மேலை படுங்கோ. கருவாடு கீழை தனியப் படுக்கட்டும்."

தலையணையைச் சுவரோரம் தள்ளி எனக்கு இடம் விட்டாள். ஏறிப் படுத்தேன். மேகம் அந்த வெள்ளையை மூடுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்தோம்.