பாட்டிலண்ணன் சொன்ன நாற்பத்தேழு

முப்பத்தெட்டாவது மரத்தைத் தாண்டிப் பத்தடி போனதும் வண்டி இருமியது, ஒருமுறை குலுங்கியது, நின்றது. அவர் காலை ஊன்றித் திரும்பி மரத்தைப் பார்த்தார். "முப்பத்தெட்டு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கைப்பிடியில் தொங்கிய காலி மருந்து பாட்டிலைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, சாலையோரம் குந்தி என்ஜினிலிருந்து பிளக்கைக் கழற்றத் தொடங்கினார். காலை நடைக்கு வந்த ஒருவர், ஊருக்குப் புதியவர் போலும், பரிதாபப்பட்டு நின்றார்.

"ரிப்பேருங்களா? நேரா போனா ஒரு மெக்கானிக் இருக்காராம். பாட்டில்காரர்னு பேரு. கொஞ்சம் குடிப்பாரு போல. ஆனா வேலை சுத்தமாம்."

"நானும் கேள்விப்பட்டிருக்கேங்க" என்றார் பாட்டில்காரர்.

அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவரல்லர். பாட்டில்காரர், பாட்டிலண்ணன் என்றெல்லாம் பெயர் வந்தது அந்த மருந்து பாட்டிலால். வண்டியின் டேங்கிலிருந்து வரும் குழாயை அடைத்துவிட்டு, பாட்டிலில் நூறு மில்லி பெட்ரோலை ஊற்றிக் கைப்பிடியில் கட்டி, அது தீரும்வரை ஓட்டுவார். கால்வாய்க் கரைச் சாலையில் நூறு மீட்டருக்கு ஒரு மரத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறது. அவரே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நாடா பிடித்து அளந்து போட்ட கோடுகள் அவை. எத்தனையாவது மரத்தில் வண்டி நிற்கிறதோ, லிட்டருக்கு அத்தனை கிலோமீட்டர். இதில் வாய்ச்சாலகத்துக்கு இடமே கிடையாது.

பெட்ரோலை அளக்க ஊசிமருந்துக் குழல் ஒன்று வைத்திருக்கிறார். அவர் மனைவி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறார். குழல் அங்கிருந்து வருவதுதான். "வீட்டுல எண்ணெயைக் கண்ணளவுலதான் ஊத்தறேன். இவருக்கு மட்டும் மில்லி கணக்கு" என்பார் அந்த அம்மாள்.

அவரிடம் வருகிற வண்டிகளில் பாதிக்குமேல் யாரோ கைவைத்துக் கெடுத்தவை. கம்பெனி பொருத்திய காற்று வடிகட்டியைத் தூக்கிவிட்டுக் கூம்பு வடிவத்தில் ஒன்று. சைலன்சரை மாற்றி, மூச்சு தாராளமாக வெளியேறும் குழாய் ஒன்று. காற்று கூடிவிட்டால் பெட்ரோலும் அதற்கேற்பக் கூட வேண்டும். அந்த அளவைத் தீர்மானிப்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட் என்கிற பித்தளைத் துண்டு. மிளகைவிடச் சற்றே பெரிது. நடுவில் மயிரிழைத் துளை. அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. "மூக்கைப் பெருசு பண்ணிட்டு, வயித்தை அப்படியே விட்டா எப்படி?" என்று கேட்பார். எதிர்க்கடையில் அந்தக் கூம்புகளை விற்கும் உதிரிபாகக்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பார். "நான் மாட்டி விடறதாலதானே அண்ணே உங்க கடைக்குக் கூட்டம்?"

காதை மட்டும் நம்பி வேலை செய்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. அவர் நம்புவது பிளக்கின் முனையை. அது செங்கல்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. "கரி பிடிச்சா பர்ஸ் எரியும். வெளுத்துச்சுன்னா பிஸ்டன் எரியும்." இதைச் சொல்லும்போது மட்டும் குரல் சற்று இறங்கும்.

கைத்திறனை வியப்பது எளிது. பல ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்தால் யாருக்கும் அது வந்துவிடும். இவரைக் கொஞ்சம் நின்று பார்க்க வைத்தது கைத்திறனன்று, அவர் செய்த ஒரு தவறு.

மலைமேல் இருக்கும் பள்ளியின் கணக்கு டீச்சருக்கு ஒரு வண்டி உண்டு. அவருடைய தம்பி வெளியூர் வேலைக்குப் போகுமுன் அதில் கூம்பு மாட்டி, குழாய் மாற்றி, முன்சக்கரத்துக்குத் தடியான டயரும் போட்டு, "அக்கா, இப்பதான் வண்டி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பழைய சாமான்களை விற்றும்விட்டான். லிட்டருக்கு ஐம்பது கொடுத்த வண்டி முப்பத்துநாலு கொடுத்தது. இரண்டுமுறை பெட்ரோல் தீர்ந்து பாதி வழியில் நின்று, டீச்சர் முதல் மணிக்குப் பிந்தினார். மலைப்பாதையில் பங்க் கிடையாது.

பாட்டிலண்ணன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். தம்பி தேவைக்குமேல் பெரிய ஜெட்டைத் திணித்திருந்தான். அதை எடுத்துவிட்டு அளவான ஒன்றைப் போட்டார். "ஐம்பது வராது டீச்சர். நாப்பத்தேழு வரும்" என்றார். எதிர்க்கடைக்காரர் காதில் விழும்படியே சொன்னார். அவர் ஓர் எண்ணைச் சொல்லி அது வராமல் போனதாகச் சரித்திரமில்லை.

பாட்டில் கட்டி ஓட்டிப் பார்க்க நேரமில்லை. டீச்சர் விடியலில் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர். அதனால் மீட்டரைப் பார்த்துத் தினமும் நோட்டில் எழுதி வரச் சொன்னார். வாரக் கடைசியில் நோட்டு சொன்னது: நாற்பத்துமூன்று. பிளக் அழகான செங்கல் நிறத்தில் இருந்தது. அதோடு மூடியிருக்கலாம். "நாலு குறையுதே அண்ணே" என்று எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது. துளை ஓர் எண் சிறிதான ஜெட்டைப் போட்டார். நாற்பத்தைந்து. கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கினார். நாற்பத்தாறு. மூன்றாம் தடவை பிளக் வெளுத்திருந்தது. "புது பிளக்கு, இன்னும் நிறம் ஏறல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மேலும் ஓர் எண் குறைத்து அனுப்பினார்.

மறுநாள் காலை டீச்சரின் வண்டி வாசலைக் கடந்து போன சத்தம் கேட்டது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "முப்பது கிலோமீட்டர் போறதுக்கு இந்த வண்டி என்னா குடி குடிக்குது பாரு" என்றார்.

"முப்பதா? அந்தப் பள்ளிக்கூடமா?" என்றார் மனைவி. "முப்பத்துமூணுங்க. எங்க ஆஸ்பத்திரி வேன் மாசாமாசம் போகுது. டிரிப் ஷீட்ல கையெழுத்துப் போடறதே நான்தானே."

"அந்தம்மா மீட்டர் முப்பதுன்னுதானே..." என்று தொடங்கியவரின் கை பாதியில் நின்றது. தடி டயர். மீட்டரின் கம்பி முன்சக்கரத்திலிருந்து வருகிறது. சக்கரம் பெருத்துவிட்டால் ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் கூடும். மீட்டருக்கு அது தெரியாது. பத்து கிலோமீட்டருக்கு ஒன்றை அது விழுங்கிக்கொண்டிருந்தது.

நான்குமுறை போன் அடித்தார். டீச்சர் எடுக்கவில்லை. கைகூடச் சரியாகக் கழுவாமல், ஜெட் டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். மலையடிவாரச் சோதனைச் சாவடி ஏழேகாலுக்குத்தான் திறக்கும். அதற்கு முன் போய்விட வேண்டும். திறந்துவிட்டால் அதன்பின் பதிமூன்று கிலோமீட்டர் ஒரே ஏற்றம்.

போனபோது காவலர் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் இரண்டாவதாக டீச்சர். "இறங்குங்க டீச்சர்" என்று சொல்லி, விரலை எச்சில் தொட்டு என்ஜினில் வைத்தார். சுர்ரென்றது.

"என்னண்ணே, இவ்வளவு தூரம்?"

"மேல ஏறினா பிடிச்சுக்கும்."

"எது?"

"முதல்ல பிஸ்டன். அப்புறம் பின்சக்கரம். அப்புறம் பின்னால வர்ற பஸ்."

டீச்சர் வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி பண்ணின வேலையா?"

"தம்பி இல்ல. நான். டயர் பெருசு, மீட்டர் குறைச்சுக் காட்டுது. அதை நம்பி நான் பெட்ரோலைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். பிளக் வெளுத்திருந்துச்சு டீச்சர். பார்த்தேன். பார்த்துட்டுத்தான் மூடினேன்."

"ஐயோ, மணி அடிச்சுருவாங்களே!"

அவர் தன் வண்டியின் சாவியை நீட்டினார். "இதுல போங்க. சாயந்தரம் மாத்திக்கலாம்."

"நீங்க?"

"இந்த வண்டி ஆறணும். நானும் கொஞ்சம் ஆறணும்."

டீச்சர் போனபின் சாவடி ஓரக் கல்லில் உட்கார்ந்து, சூடு தணியக் காத்திருந்தார். கழற்றிய பிளக் எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. மனம் தானாகவே கணக்குப் போட்டது. மீட்டர் நாற்பத்துமூன்று காட்டிய முதல் வாரமே, சாலையில் வண்டி நாற்பத்தேழு ஓடியிருக்கிறது. சொன்ன எண் அன்றே வந்துவிட்டது. அதற்குப்பின் அவர் குறைத்ததெல்லாம் வண்டிக்காக அல்ல. முதல் வாரம் போட்டிருந்த ஜெட்டையே மறுபடி போட்டு, ஊசியை ஏற்றி முடித்தும் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. சாவடிக் காவலர் வந்து, "என்னங்க, பெரிய வேலையா?" என்றார். "சின்ன வேலைதான்" என்றார்.

ஒரு தொழிலாளி தன் தவற்றைக் கண்டுபிடிப்பது அரிதன்று. கண்டுபிடித்த கையோடு சோற்றை விட்டு எழுந்து இருபது கிலோமீட்டர் துரத்திப் போய் அதைச் சொல்வது அரிது. இந்த அளவுக்குப் பாராட்டுவதில் தயக்கம் வேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் நோட்டோடு வந்தார். எதிர்க்கடைக்காரர் முந்திக்கொண்டு அதை வாங்கிப் புரட்டினார்.

"நாப்பத்துமூணு! என்னண்ணே, நாப்பத்தேழுன்னு ஊரே கேக்கச் சொன்னீங்க?"

"நாப்பத்துமூணுதான்" என்றார் பாட்டிலண்ணன், பிளக்கைத் துடைத்தபடி. அது செங்கல் நிறத்தில் இருந்தது.

"இல்லைங்க" என்றார் டீச்சர். அவர் சும்மா விடுகிறவரல்லர். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சக்கரத்தின் சுற்றளவை வரைந்து கணக்கே போட்டு வைத்திருந்தார். "டயரைக் கணக்குல சேர்த்தா, அண்ணன் சொன்னது அப்படியே..."

பாட்டிலண்ணன் பிளக்கை மாட்டி முடுக்கினார். எழுந்து கிக்கரை ஒரே உதை உதைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகினார். டீச்சரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது, சொன்னது சத்தத்தில் மூழ்கியது. எதிர்க்கடைக்காரர் காதில் கைவைத்து, "என்னது? என்னது?" என்று கத்தினார். பாட்டிலண்ணன் புகைக்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆக்ஸிலரேட்டரைத் திருகிய கை தளரவில்லை.