நாற்பது வருட விஸ்கியில் மெஷின் ஆயில் வாடை

மார்கழியில் வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சாம்பார் அடிப்பிடித்தாலும் தெரியாது, மல்லிகை வைத்தாலும் தெரியாது. மாதக்கணக்கில் இப்படி. அப்போதுதான் திருப்பூர் நண்பர் சண்முகம் கூப்பிட்டார். அவரிடம் பனியன் வாங்கும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், பீப்பாயில் நாற்பது வருடம் கிடந்த சிங்கிள் மால்ட் விஸ்கி ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறாராம். இதுவும் மூக்குக்கு எட்டவில்லையென்றால் இனி எதுவும் எட்டாது என்ற பயத்தோடுதான் கிளம்பினேன்.

சென்னையில் காலை ரயில் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திருப்பூர். ஸ்டேஷனிலிருந்து சண்முகம் வீடு இருக்கும் அருள்புரம் எட்டு கிலோமீட்டர் சொச்சம், ஆட்டோவுக்கு 250 ரூபாய். பல்லடம் ரோட்டில் பஸ்ஸுக்குக் குறைவில்லை, வெயிலுக்குப் பயந்து நான்தான் ஏறவில்லை.

சண்முகத்துக்குக் கீழே நிட்டிங் யூனிட், மாடியில் வீடு. சாயங்காலம் பாட்டிலைத் திறந்தார். பழைய கார்க், பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது. நான் தலையில் கை வைத்துவிட்டேன். மனுஷன் அசரவில்லை. கீழே போய், மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய பனியன் துணியில் ஒரு துண்டு வெட்டி வந்து, எனக்கு முதல் கிளாஸை வடித்தார். அந்த ஊரில் எதை வடிப்பதென்றாலும், துடைப்பதென்றாலும் பனியன் துணிதான்.

மூக்கருகே கொண்டுபோனதும் பக்கென்றது. எண்ணெய் வாடை! தையல் மெஷினுக்கு விடுவார்களே, அது மாதிரி. சண்முகம் வாங்கி மோந்து பார்த்தார்.

"எண்ணெயா? எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே."

காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு மூக்கு திரும்பினாலும் இல்லாத வாடையெல்லாம் காட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான், நம் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

சண்முகத்தின் மனைவி கவிதா கிளாஸை வாங்கி மோந்தார், சிரித்துவிட்டார். சலவைக்குப் போகாத துணியாம். நிட்டிங் மெஷின் ஊசிக்கு விடும் ஆயில் அதில் இருக்கத்தான் செய்யுமாம்.

"இவருக்கு அதுலயே கெடந்து கெடந்து வாடையே தெரியறதில்லீங்க. உங்க மூக்கு நல்லாத்தானுங்க இருக்குது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. விஸ்கி வீணானதற்கு அழுகிறேன் என்று நினைத்து சண்முகம் பாவம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த கிளாஸ் டீ வடிகட்டியில் வந்தது. உலர்திராட்சை, பழைய மர பீரோ, கடைசியில் லேசாகத் தேன்மெழுகு. அம்மாடி, ஒவ்வொன்றாக வந்து நின்றன.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை சம்பள நாள், அன்று மாலை பல்லடம் ரோட்டில் ஊர்ந்துதான் போக முடியும். பழைய பாட்டில் என்றால் கார்க்கை நம்பாதீர்கள், வடிகட்டி பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் இரண்டு சொட்டு போதும். இரண்டு கிளாஸில் எது பிரமாதம் என்று கேட்டால், சண்முகத்திடம் சொல்லிவிடாதீர்கள், முதல் கிளாஸ்தான்.