கட்டுக்கு அடியில் ஈரம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன். பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் நான். ரத்தம், சீழ், பிணம்... எதுவும் எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த நாலு மத்தியானங்களை மட்டும் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

எங்கள் பெரிய டாக்டர் ஒரு புது முறை கண்டுபிடித்திருந்தார். வயிற்றுச் சதையில் ஓட்டை விழுந்தவர்களுக்கு நாயின் மூத்திரப் பையிலிருந்து சவ்வை உரித்து, கழுவி, ஒட்டுப் போட்டுத் தைப்பது. அதைப் பிடித்துக்கொண்டு நம் சதையே வளர்ந்துவிடுமாம். முதலில் நாய்களுக்கே ஓட்டை போட்டு, அடைத்துப் பார்த்தார். அப்புறம்தான் மனுஷனுக்கு. அதற்காக ஒரு செவலை நாய் வந்தது. பிஸ்கட் காட்டி மேஜைவரை கூட்டிப்போனவள் நான்தான். வாலை ஆட்டிக்கொண்டே வந்தது.

அறுக்கும்போது அதன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"டாக்டர், இது அழற மாதிரி இருக்கு..."

"மயக்கத்துல எங்க அழும்? வேலையைப் பாரும்மா."

மேஜையிலேயே செத்துப்போனது. அதன் சவ்வு மறுநாள் ஒரு லாரி மெக்கானிக்கின் வயிற்றுக்குப் போனது.

ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அந்த மனுஷன் வாயே திறக்கவில்லை. கூரையையே வெறித்துக்கொண்டு கிடந்தார்.

"சிஸ்டர், ஓயாம பேசுற ஆளு இவரு..." என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பயந்திருப்பாரும்மா. சரியாயிடும்."

மறுநாள் மத்தியானம் 2.20க்குக் கட்டைப் பிரித்தேன். உள்ளே சொதசொதவென்று ஈரம். சீழ் இல்லை. நாற்றமும் இல்லை. வழவழவென்று, எச்சில் மாதிரி...

இரண்டாம் நாளும் அதே.

மூன்றாம் நாள் தையலுக்குள் ஒரு முடி. செவலை முடி. நானே ஒட்டிய பிளாஸ்திரி ஒட்டினபடியே இருந்தது.

நாலாம் நாள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி சாப்பிடப் போயிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. நல்ல வெயில்.

2.10.

டக்... டக்... டக்...

டைல்ஸ் தரையில் நகம் படும் சத்தம். கதவிலிருந்து கட்டில்வரை.

யாரும் இல்லை.

சளப்... சளப்...

வயிற்றுக் கட்டு அமுங்கியது. எழும்பியது. அமுங்கியது.

மெக்கானிக் சிரித்தார்.

"வந்துட்டியா..."

அவர் கை காற்றில் எதையோ தடவிக்கொடுத்தது.

எனக்குக் கத்த வரவில்லை...

2.17. சத்தம் நின்றது.

பத்தே நாளில் காயம் ஆறிவிட்டது. பெரிய டாக்டர் அதைப் படம் பிடித்து மாநாட்டில் காட்டிக் கைதட்டல் வாங்கினார். மெக்கானிக் வீட்டுக்குப் போனார். அப்புறமும் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

மூணு மாசம் கழித்து மருந்து ஸ்டோர்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், அப்ப வந்த மயக்க மருந்து போலியாம். வெறும் உப்புத்தண்ணி. உடம்பை அசையாம வைக்கிற மருந்து மட்டும்தான் நிஜம்."

"அப்போ... கத்தி பட்டப்ப?"

"எல்லாம் தெரிஞ்சிருக்கும். கத்தத்தான் முடிஞ்சிருக்காது."

"எத்தனை பேருக்குப் போட்டோம்?"

"நல்லவேளை, ரெண்டு குப்பிதான் வெளியே போச்சு. ஒண்ணு நாய்க்கு. இன்னொண்ணு அந்த மெக்கானிக்குக்கு."