எஸ்கேப் பட்டனில் ஒரு சந்தனப் பொட்டு

போன வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு லேப்டாப் என்னைக் கேட்டது – புதிய வெர்ஷன் தயார், இப்போதே மாற்றலாமா? மாற்று என்று அழுத்தினேன். யார் கேட்டாலும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவன் நான்.

பதினொரு மணிக்கு என் மனைவி சுமதிக்கு அதே லேப்டாப்பில் இன்டர்வியூ. ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கும் வேலை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் பிரசவத்துக்காக டீச்சர் வேலையை விட்டவள். அதற்குப் பிறகு வந்த முதல் அழைப்பு இது. போனில் வரக் கூடாது, லேப்டாப்பில்தான் வர வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும்... தெரிந்துதான் அழுத்தினேன்.

ஒன்பதரைக்கு லேப்டாப் எழுந்து வந்தது. சுமதி பேசிப் பார்த்தாள். சத்தம் போகவில்லை. மைக் பட்டனில் சிவப்பு விளக்கு.

வேலை இல்லாத நேரத்தில் மைக்கை அணைத்து வைப்பது என் வழக்கம். எங்கள் சின்ன ஊரான இண்டூரில் நாங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டு யாருக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள். எஃப் நாலை அழுத்தினால் மைக் திரும்ப வந்துவிடும். அன்று வரவில்லை. ஒலியைக் கூட்டும் பட்டன், வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டன் – மேல் வரிசை மொத்தமும் வேலைநிறுத்தம்.

மொரப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"அப்கிரேடு பண்ணா சிலதுல எஃப்என் லாக் விழுந்து மேல் வரிசை பட்டனெல்லாம் பூட்டிக்குங்க சார். எஸ்கேப் பட்டன்ல சின்னதா ஒரு லைட்டு எரியுதுங்களா?"

குனிந்து பார்த்தேன். "எரியலைங்க."

"அப்ப லாக் இல்லீங்க. டிரைவர் சாஃப்ட்வேர்தான் போயிருக்கும். எறக்கிப் போட்டுப் பாருங்க."

இறக்கினேன். போட்டேன். ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் செய்தேன். மணி பத்தரை.

சுமதி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். இஸ்திரி போட்ட புடவையில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தே முக்காலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்த லைட்டு எங்க இருக்குன்னு சொன்னாரு?"

"எஸ்கேப் பட்டன்ல. அதான் எரியலையே."

"எரியலைன்னு எப்படித் தெரியும்? அது மேலதான் நீங்க பொட்டு வெச்சிருக்கீங்களே."

போன ஆயுத பூஜைக்கு வண்டி, மோட்டார், மிக்சி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு லேப்டாப்புக்கு வந்தேன். அதிகம் புழங்காத பட்டனாகப் பார்த்து, மூலையில் இருந்த எஸ்கேப்பில் கனமாக ஒரு பொட்டு. யாரும் அதை அழிக்கக் கூடாது என்று வீட்டுக்கே சட்டம் போட்டவனும் நான்தான்.

சுமதி கன்னத்தில் போட்டுக்கொண்டு நகத்தால் சுரண்டினாள். சந்தனம் உதிர்ந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினாள். புள்ளி அணைந்தது. எஃப் நாலைத் தொட்டாள். சிவப்பும் அணைந்தது.

மணி பத்து ஐம்பத்தாறு.

கோளாறு எங்கே, எங்கே என்று இணையமெல்லாம் தேடி அலைகிறோம். அது என்னவோ, நாம் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட இடத்துக்கு அடியிலேயே இருந்து தொலைக்கிறது!

பதினொரு மணிக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சமையலறையில் குக்கரைக்கூட வைக்காமல் நின்றேன். பின்னக் கணக்கை யாருக்கோ விளக்கும் அவள் குரல் கேட்டது. பதினாலு வருஷமாக நான் கேட்காத குரல். கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை முதல் வகுப்பு.

நேற்று மெயில் பார்க்க லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாள்... இந்தப் பத்தியைப் போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.