ஏழு துணி எலிகள்

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. பால்காரர் புதுப் போத்தலில் பால் கொண்டுவந்தால் பழைய போத்தலுக்கு என்ன நடந்தது என்று கேட்பேன். வட்டக்கச்சியில் தனியாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஒருத்திக்கு அது தேவைதான் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்தது ஊர்சுற்றிக் கடுவன் பூனை ஒன்று.

எங்கள் வீதியில் மண் ஏற்றும் ரிப்பர் லொறிகள் ஓடத் தொடங்கியபின், அதை எப்படியாவது வளவுக்குள் நிறுத்த வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் தங்கை, அங்கே ஏதோ இலை அடைத்த துணிப் பொம்மைகளைப் பூனைகளுக்கென்றே கடையில் விற்கிறார்கள் என்று தொலைபேசியில் சொன்னாள். சிரித்தேன். இரண்டு நாள் கழித்து முற்றத்தில் குப்பைமேனி பிடுங்கியபோது, பிடுங்கிப் போட்ட வேரில் கடுவன் முகத்தைத் தேய்த்தது. பிறகு வாய்நீர் வடிய உருண்டு, கள்ளுக் குடித்த ஆள் மாதிரி மல்லாந்து கிடந்தது. கடையும் வேண்டாம், வெளிநாடும் வேண்டாம் என்று அந்த வேர்களை வெயிலில் காயப்போட்டேன்.

துணிக்குப் பக்கத்து வளவு அக்காவிடம் போனேன். அவர் வீட்டிலிருந்தே சட்டை தைத்துக் கொடுப்பவர். எங்கள் வேலியில் ஓர் ஆள் நுழையும் கடப்பு உண்டு; கறியும் கதையும் அதன் வழியாகத்தான் போய்வரும். அவருடைய மகள், முதல் பிள்ளையை வயிற்றிலேயே இழந்தவள், இப்போது ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியாகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அக்கா மெசினில் இருந்தபடியே ஒரு பை நிறைய வெட்டுத்துண்டுகளை நீட்டினார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பூனைக்குப் பொம்மை தைக்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு நானும் சொல்லவில்லை.

எலி தைக்கத்தான் நினைத்தேன். என் தையலுக்கு எலி அகப்படவில்லை. நான்கு கால்களையும் நீட்டித் தைத்ததில், வாலை மறைத்துப் பார்த்தால் அவை குட்டி மனிதர்களாகத்தான் தெரிந்தன. கையில் இருந்தது சிவப்பு நூல். உள்ளே பஞ்சும் வேரும். கடுவனா வந்து குறை சொல்லப்போகிறது? ஏழு தைத்தேன். ஒரு கிழமை அது வளவைத் தாண்டவில்லை.

பிறகு எலிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கதிரைக்குக் கீழும் அலுமாரிக்குப் பின்னும் தேடினேன். பகலில் கடுவனையும் காணவில்லை. எட்டிப் பார்த்தால், அக்காவின் வளவில் மகளுடைய யன்னலுக்குக் கீழே படுத்துக் கிடந்தது. மீன்தலை போட்டு என் பூனையை மயக்குகிறார்கள், எலிகளையும் அவர்கள்தான் எடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

அதே நாட்களில் அக்கா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். கடையில் கண்டால் தராசைப் பார்த்தார். ஒருநாள் கடப்பைத் தகரம் வைத்து அடைத்தார். பூனையையும் பிடித்து வைத்துக்கொண்டு முகத்தையும் நீட்டுகிறாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் அந்தத் தகரத்தடியில் தேசிக்காய் ஒன்று, இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவி, என் பக்கமாகக் கிடந்தது. வேலி நெடுக மஞ்சள் தண்ணீர். செய்வினை, சூனியம் எல்லாம் பொய் என்று படிப்பிக்கிறவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஒரு தடியால் தேசிக்காயை அவர்கள் பக்கத்துக்கே தள்ளிவிட்டு, கோவிலில் திருநீறு பூசிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடுவன் கடைசி எலியைக் கவ்விக்கொண்டு வேலியோரம் போவதைக் கண்டேன். தகரத்துக்குக் கீழே தானே தோண்டிய பள்ளத்தால் நுழைந்தது. நான் தகர ஓட்டையில் கண்ணை வைத்தேன். அது நேரே போய், வேட்டையாடியதைக் கொண்டுவந்து கொடுப்பதுபோல எலியை மகளின் யன்னலடியில் வைத்தது. அக்கா வெளியே வந்தார். அதைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்தார். பிறகு தணல் எடுக்கும் இடுக்கியால் தூக்கி, கையை நீட்டித் தூரப் பிடித்தபடியே ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு மூடினார். அப்போதுதான் அந்தத் துணியைக் கவனித்தேன். ஊதாப் பூப் போட்டது. யன்னலில் நின்ற மகளின் சட்டையும் அதே ஊதாப் பூ.

பிள்ளைத்தாச்சியின் சட்டைத் துணியில், மனித உருவத்தில், சிவப்பு நூலால் தைத்து, வேர் அடைத்து, அவள் படுக்கும் யன்னலடியில் ஏழு பொம்மைகள். நான் கண்டிருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன்.

ஊசிப்பெட்டியையும் மிச்ச வேரையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் சுற்றி அவர்கள் படலைக்குப் போனேன்.

“அக்கா, அது நான் கடுவனுக்குத் தைச்சது.”

“அங்காலயே நில்லுங்கோ ரீச்சர்.” அக்கா படலையை இழுத்துப் பிடித்தார். “வெட்டி வச்ச தேசிக்காய் எங்கட பக்கமே திரும்பி வந்து கிடந்ததைக் கண்ட நேரத்தில இருந்து என்ர பிள்ளை ஒரு வாய் ஒழுங்காச் சாப்பிடேல்ல. வயித்துக்க பிள்ளை துடிக்குதோ எண்டு தொட்டுத் தொட்டுப் பாக்கிறாள். நாங்கள் உங்களுக்கு என்ன செய்தனாங்கள்?”

படலையடியில் குந்தி வேரை நிலத்தில் போட்டேன். கடுவன் பாய்ந்து வந்து, முகத்தைத் தேய்த்து, உருண்டு, என் செருப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மல்லாந்தது. மகள் வாசலுக்கு வந்தாள். முதலில் வாயைப் பொத்தினாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அம்மா, இஞ்ச பாருங்கோ, கடுவனுக்கு நல்ல வெறி!”

அக்கா சிரிக்கவில்லை. ரின்னைக் கொண்டுவந்து, “பிரிச்சுக் காட்டுங்கோ” என்றார். ஏழு எலிகளையும் அவர் முன்னால் பிரித்தேன். பஞ்சு, வேர், பஞ்சு, வேர். ஒவ்வொன்றையும் ஈர்க்கால் கிளறிப் பார்த்தார். கடைசியில் படியில் உட்கார்ந்து அழுதார்.

“சாத்திரம் கேக்கப் போனனாங்கள். செய்தது பக்கத்தில தனிய இருக்கிற, பிள்ளையில்லாத மனிசி எண்டு சாத்திரியார் சொன்னவர். நாங்கள் வேற ஆரை நினைக்கிறது, சொல்லுங்கோ.”

அது எனக்குச் சுட்டது. கோபத்தில் எழும்பி வந்துவிடப் பார்த்தேன். ஆனால் தேசிக்காயைத் தள்ளியவளும் நான்தானே. அதை அவருக்குச் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

மாரி மழைக்கு முன் பெண்பிள்ளை சுகமாகப் பிறந்தது. துடக்குக் கழிந்த சில நாளில் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடப்பு வழியாகவே வந்தாள். தகரத்தை அக்கா எடுத்திருந்தார். அவர் மட்டும் கடப்பிலேயே நின்றார். மகள் பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். கன்னத்தில் பெரிய கறுத்தப் பொட்டு. கண்ணூறு படாமல் எல்லாப் பிள்ளைக்கும் வைப்பதுதான். கன்னத்தோடு தலையைத் தாங்கியபோது என் உள்ளங்கையில் கறுப்பு ஒட்டியது. மை இன்னும் ஈரம். என்னிடம் வரும்போதுதான் வைத்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி வடிவான பிள்ளை. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

“மூக்குச் சப்பையாக் கிடக்கு” என்றேன்.

அக்கா அதற்குப் பிறகுதான் கடப்பைத் தாண்டி என் வளவுக்குள் வந்தார்.