நுஸைபா கொண்டுபோன புத்தகங்கள்

நுஸைபாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கணவர் சித்தீக் ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். மகன் சென்னையில் படிக்கிறான். பகலெல்லாம் வீடு வெறிச்சென்று கிடந்ததால் கிளை நூலகத்துக்குப் போகத் தொடங்கினாள். வர முடியாத வாசகர்களுக்கு வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும் என்று நூலகர் கல்யாணம் சொன்னபோது, ஸ்கூட்டி இருக்கிறதே என்று பெயர் கொடுத்தாள். சேவை என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் பை நிறையப் புத்தகத்தோடு கிளம்புவாள். முழங்கால் வலியால் படியேற முடியாத ஒரு பெரியவர், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த ஒரு பெண், பிறகு வாய்க்கால் தெருவில் மாளவிகா.

மாளவிகாவுக்குப் பன்னிரண்டு வயது. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் நோய். சக்கர நாற்காலியில்தான் இருந்தாள். வாரம் நான்கு புத்தகம் அவளுக்குப் போதாது.

“புதன்கிழமையே முடிஞ்சிடுச்சு ஆன்ட்டி. அடுத்த தடவை குண்டு புத்தகமா கொண்டு வாங்க.”

மே மாதம் நூலகத்தில் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். படித்த கதை ஒன்றைத் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். நோட்டீஸை நுஸைபாதான் கொண்டுபோய் மாளவிகாவிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் நூலகத்தின் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. வாடகைக் கட்டடம். கீழே உரக்கடை, மேலே நூலகம். ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய குறுகலான படி.

“கீழ எங்கேயாவது வச்சுக்கலாமா சார்?” என்று கல்யாணத்திடம் கேட்டாள்.

“எனக்கும் ஆசைதாம்மா. வேற இடம் கேட்டு மூணு தடவை எழுதிட்டேன். போட்டியை நூலகத்துலதான் நடத்தணும்னு ஆர்டர்ல இருக்கு. நான் என்ன பண்ண?”

மாளவிகாவின் அப்பா வெங்கட்ராகவன் பள்ளி ஆசிரியர். தூக்கிக்கொண்டு ஏறிவிடுகிறேன் என்றார். அவள் ஒப்பவில்லை. “எல்லாப் பசங்களும் பார்ப்பாங்கப்பா. வேண்டாம்.”

கடைசியில் போட்டி அன்று நூலகத்திலிருந்து நுஸைபா தன் செல்போனில் வீடியோ கால் போட்டாள். மாளவிகா வீட்டில் தலைசீவிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள். நுஸைபா போனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள். மின்விசிறி இரைச்சலில் குரல் யாருக்கும் எட்டவில்லை. படம் நின்று நின்று வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். நடுவர்கள் கொஞ்ச நேரம் தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் மாளவிகா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். போனை இறக்க நுஸைபாவுக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் மாளவிகா கேட்டாள். “எல்லாரும் கேட்டாங்களா ஆன்ட்டி?”

“கேட்டாங்கம்மா.”

அந்தப் பொய் நுஸைபாவை ரொம்ப நாள் அரித்தது.

ஐப்பசி மழையில் மாளவிகாவுக்குச் சளி கட்டி, தஞ்சாவூரில் பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது கைகள் மெலிந்திருந்தன. குண்டுப் புத்தகம் வேண்டாம் என்றாள். மெல்லிய புத்தகங்களாகப் பொறுக்கி, மழைக்கு நெகிழிப் பையில் சுற்றி எடுத்துப் போனாள் நுஸைபா. சாய்த்து வைத்துப் படிக்க ஒரு மரத் தாங்கியும் வாங்கிக் கொடுத்தாள். பக்கம் திருப்ப மாளவிகாவின் விரல் ஒத்துழைக்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருப்பிவிட்டாள். அடுப்பில் ஏதாவது இருந்தால், அவள் வரும்வரை மாளவிகா படித்து முடித்த பக்கத்திலேயே நிற்க வேண்டும். செல்போனில் படிக்கலாம் என்றால், சற்று நேரத்தில் கழுத்து சாய்ந்துவிடும்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, போன வாரம் வைத்த நான்கு புத்தகங்களும் வைத்த மாதிரியே இருந்தன.

“நான் படிச்சுக் காட்டட்டுமா?”

மாளவிகா சரி என்றாள். நுஸைபா இரண்டு பக்கம் படித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். குழந்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

“கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி. நீங்க நல்லாத்தான் படிக்கிறீங்க. ஆனா நானே படிச்சா கதையில வர்றவங்க பேசறது வேற மாதிரி கேக்கும்.”

நுஸைபா புத்தகத்தை மூடிவிட்டாள்.

அன்று போனில் சித்தீக்கிடம் சொன்னாள். கேரளாவில் நல்ல வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டதாக அவர் சொன்னார். “எல்லாம் பார்த்துட்டாங்க” என்றாள்.

இப்போதும் சனிக்கிழமை போகிறாள். சாலையில் காயப் போட்ட நெல்லைச் சுற்றிச் சுற்றி ஸ்கூட்டியை ஓட்டிப் போக வேண்டியிருக்கிறது. நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகங்களின் அட்டையை ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். மாளவிகா பார்த்து, இதை வையுங்க, இது வேண்டாம் என்கிறாள். வைத்தவை அடுத்த வாரம் அப்படியே திரும்புகின்றன. போன வாரம் அட்டை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் தூங்கிவிட்டாள். நுஸைபா மீதியைச் சத்தமில்லாமல் பையில் வைத்தாள்.

மாளவிகாவின் அம்மா வாசல்வரை வந்தாள். “அடுத்த வாரமும் வருவீங்கல்ல அக்கா?”

“வரேம்மா” என்றாள் நுஸைபா.